நாலு போல்ட் பென்சன்

வடக்குப்பட்டில் பென்சன் என்று மட்டும் கேட்டால் யாருக்கும் தெரியாது. வாஷிங் மெஷின் பென்சன் என்று கேட்டால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட மாடிப்படியைக் கைகாட்டுவார். ஒரகடத்தில் வாஷிங் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். ஐடிஐ ஃபிட்டர் முடித்து, கான்ட்ராக்டில் நுழைந்து, ஐந்தாம் வருஷம் பர்மனென்ட் ஆனவன். ஊரில் எந்த வீட்டு மெஷின் தண்ணீர் கக்கினாலும் அவனைத் தேடித்தான் ஆள் வரும். போவான். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நாலு இடத்தில் தட்டிப் பார்ப்பான். "இது நம்ம கம்பெனி ஐட்டம் கெடையாது, அதான் பிரச்சன" என்று தீர்ப்புச் சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வருவான். மெஷின் அதற்குப் பிறகும் தண்ணீர் கக்கிக்கொண்டுதான் இருக்கும்.

கம்பெனியில் அவன் பார்க்கிற வேலை என்னவென்று ஊருக்குத் தெரியாது. லைனின் கடைசியில், பேக்கிங்குக்கு முந்தின ஸ்டேஷன் அவனுடையது. மெஷின் உருண்டு வந்து அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கும். முதுகில் நீளமாக நாலு போல்ட். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சை வைத்து ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் போல்ட் தலையில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். லூசாக இருந்தால் சிவப்பு அட்டை. ஒரு ஷிப்டுக்கு நானூறு முதுகு. மெஷினின் முகத்தையோ அது ஓடுவதையோ அவன் வேலை நேரத்தில் பார்த்ததே இல்லை. லைனில் அவனுக்கு நாலு போல்ட் பென்சன் என்று பெயர்.

அந்த போல்ட் எதற்கு என்று சேர்ந்த முதல் நாள் டிரெய்னிங்கிலேயே சொன்னார்கள். "இது இல்லன்னா டிரம் ஆடி உடைஞ்சிடும்" என்பது வரை பென்சன் காது கொடுத்துக் கேட்டான். அதற்குள் கேன்டீன் பக்கமிருந்து முட்டைக் குழம்பு வாசனை வந்துவிட்டது. மிச்சத்தை அவன் பிறகும் யாரிடமும் விசாரிக்கவில்லை. பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டே பர்மனென்ட் ஆகிவிட முடிகிறபோது மீதிப் பாதிக்கு யார் அலைவார்கள்?

அவன் மனைவி ஷாலின் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாள். நைட் ஷிப்ட். நகத்தளவு போர்டுகளை லென்ஸுக்குக் கீழே வைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும். சமைத்து வைத்து, ஒன்பது மணிக்குப் படுப்பாள். மதிய ஷிப்ட்காரனான பென்சன் ஒன்றரை மணிக்குக் கிளம்ப வேண்டும். இடையில் துணி துவைப்பது அவன் பங்கு. கீழ்வீட்டு ஓனர் நாகப்பன் மோட்டார் போடுவதே ஒன்பதரைக்குத்தான் என்பதால், ஷாலினுடைய முதல் தூக்கமும் முதல் பக்கெட் தண்ணீரும் எப்போதும் ஒரே நேரத்தில் வரும். "பொண்டாட்டி துணிய நான்தான் தொவைக்கிறேன்" என்று பென்சன் பஸ்ஸில் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். துவைத்தது மெஷின். அவன் பட்டனை அழுத்தினான், அவ்வளவுதான்.

அந்த மெஷின் ஷாலினின் அம்மா வீட்டுச் சீரில் வந்தது. பிழிகிறபோது அது போடுகிற கூச்சலில் பக்கத்து அறையில் செத்தவனும் எழுந்து உட்காருவான். உயிரோடு இருக்கிற ஷாலின் எழுந்து உட்கார்ந்தது ஆச்சரியமில்லை. ஒரு நாள் ஷிப்டில் லென்ஸ் மேலேயே நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். சூப்பர்வைசர் முதல் எச்சரிக்கை எழுதிவிட்டார். அடுத்த மாசக் கடைசியில் அவளை பர்மனென்ட் ஆக்குவதா அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். மூன்று எச்சரிக்கை ஆனால் முடிவு தானாகவே ஆகிவிடும்.

"எனக்கு நகை வாணாம், நட்டு வாணாம்," என்றாள் ஷாலின். "சத்தம் போடாத ஒரு மெஷின் வாங்கிக் குடுங்க. அஞ்சு மணி நேரம் தூங்கணும், அவ்ளோதான்."

"யார்கிட்ட சொல்ற?" என்று பென்சன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "மெஷின் விஷயத்த என்கிட்ட வுட்டுடு."

கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவன் இவ்வளவு கடை ஏறி இறங்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் மூன்று, குன்றத்தூரில் இரண்டு. ஒவ்வொரு மெஷின் மேலும் காதை வைத்துக் கேட்டான். எந்தக் கடையிலும் குழாய் இணைப்பு கிடையாது, ஒன்றும் ஓடவில்லை. ஓடாத மெஷின்கள் அத்தனையும் பரம அமைதியாக இருந்தன. கடைசியில் ஒரு கடையில் சொந்தக் கம்பெனி மெஷினையே பார்த்தான். பின்னால் போய் எட்டிப் பார்த்தால் நாலு போல்ட், நாலு பச்சைப் புள்ளி. அவன் வைக்கிற புள்ளிக்கு ஒரு வால் இருக்கும். இவற்றுக்கும் இருந்தது. பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டெடுத்த மாதிரி அதைத் தடவிக்கொடுத்து, அங்கேயே விலை பேசி முடித்துவிட்டான்.

மறுநாள் காலை மெஷினைப் பொருத்த வந்தவன் இசக்கிபாண்டி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மெக்கானிக். குழாயை மாட்டி, மட்டம் பார்த்து, கையில் ஸ்பேனரோடு மெஷினின் பின்னால் போனான்.

"ஹலோ, இன்னா பண்ற?" என்று பென்சன் பாய்ந்தான்.

"பொறத்தால நாலு போல்ட் இருக்குல்லா அண்ணாச்சி, அதக் கழட்டணும். லாரியில வரையில டிரம் ஆடிறக் கூடாதுன்னு மாட்டுறது. கழட்டாம ஓட்டுனா வீடே ஆடும்."

பென்சன் சிரித்தான். விவரம் தெரிந்தவன் விவரம் கெட்டவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "இந்தப் பச்சப் புள்ளி யாரு வெச்சது தெரியுமா? நானு. ஒம்போது வருஷமா இதத்தான் செக் பண்ணிகினு கீறேன். ஒரு போல்ட் லூசா இருந்தாலே ரிஜெக்ட். நீ நாலயும் கழட்டுறேன்ற?"

"வச்ச ஆளே கழட்டுனா இன்னும் விசேஷம் அண்ணாச்சி. எனக்கென்ன, சொல்லுதேன்."

ஷாலின் தூக்கக் கண்ணோடு, மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்து வந்தாள். "இதுலகூடப் படம் போட்டு கீதுங்க. கழட்டித்தான் ஓட்டணுமாம்."

"புக்கு எழுதுனவன் லைன்ல நின்னவனா?" என்று கேட்டான் பென்சன். இசக்கிபாண்டி தன் கார்டில், 'போல்ட்டைக் கழற்ற வாடிக்கையாளர் அனுமதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து கேட்டான். பென்சன் தன் முழுப் பெயரையும் எழுதிப் போட்டான். மெக்கானிக் படியிறங்கிய பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு போல்ட்டையும் இன்னொரு அரைத் திருகு இறுக்கினான்.

பிறகு மெஷினை ஓட்டினான். துவைக்கிறவரை முனகிக்கொண்டிருந்தது. பிழிய ஆரம்பித்ததும் சுவரிலிருந்த மாதா படம் ஒரு பக்கம் சாய்ந்தது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் இடம் மாறின, மெஷின் தானாக நகர்ந்து பாத்ரூம் கதவுக்கு வந்து நின்றது. கீழிருந்து நாகப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாப்பா பென்சனு, மேல மாவு மில்லு வெச்சிகினு கீறியா? என் வூட்ட இடிக்கணும்னு வேண்டுதலா?"

"தர சரியில்ல ஓனரு. டைல்ஸ் போட்டவன் ஏமாத்திட்டான்," என்றான் பென்சன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த மூன்று வாரத்தில் பென்சன் குற்றம் சொல்லாத பொருள் அந்த வீட்டில் மிச்சமில்லை. தரை கோணல், கரண்ட் ஏறி இறங்குகிறது, சோப்புத் தூள் போலி, ஷாலினுடைய யூனிஃபார்ம் துணி கனம். மெஷினுக்கு அடியில் சாக்கு போட்டான், கோரைப் பாய் போட்டான், பழைய மெத்தையைக் கிழித்து ஸ்பான்ஜ் வைத்தான். ஷாலின் காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் துண்டைக் கட்டி, மேலே தலையணையை அமுக்கிக்கொண்டு படுத்தாள். இரண்டு தடவை, "அந்த போல்ட்ட ஒரு வாட்டி கழட்டித்தான் பார்க்கலாமே" என்றாள். இரண்டு தடவையும் பென்சன் ஒன்பது வருஷ சர்வீஸை எடுத்து நீட்டினான்.

இரண்டாவது எச்சரிக்கை வந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை ஏழரை மணிக்கு அவள் வரவில்லை. எட்டு ஆயிற்று, எட்டரை ஆயிற்று. ஒன்பதுக்குப் போன் வந்தது. பஸ்ஸிலேயே தூங்கிப்போய், வடக்குப்பட்டு தாண்டியது தெரியாமல், கடைசி ஸ்டாப்பான குன்றத்தூர் முருகன் கோயில் முனையில் டிரைவர் எழுப்பிவிட்டபோதுதான் கண் விழித்திருக்கிறாள். "இங்க சாமி கும்புட வந்தீங்களாம்மான்னு கேக்குறாருங்க," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்து, அழுதுவிட்டாள். பென்சன் இதை இன்றைக்கே சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்து, அவள் வந்து சேர்ந்த உடனே ஒரகடம் பஞ்சர் கடைக்கு, மெஷினுக்கு அடியில் வைக்க லாரி டயர் துண்டு வாங்கக் கிளம்பினான்.

பதினொன்றரைக்கு டயரும் கையுமாகத் திரும்பினால் கீழே நாகப்பன், "இன்னிக்குத் தொவைக்கலியா? நிம்மதியா கீதே" என்றார். மாடியிலும் சத்தமில்லை. மெஷின் கெட்டுப் போய்விட்டது என்றுதான் பென்சன் முதலில் நினைத்தான். உள்ளே போனால் விளக்கு எரிகிறது, கண்ணாடிக்குள் துணி சுற்றிக்கொண்டிருக்கிறது. பிழிகிற வேகம். மேலே வைத்திருந்த சோப்புக் கிண்ணம் அசையவில்லை.

மெஷினுக்கு எதிரில், வெறும் தரையில், அழுக்குத் துணி மூட்டையைத் தலைக்கு வைத்து ஷாலின் தூங்கிக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு இல்லை. கட்டிலுக்குப் போகக்கூட அவளுக்குப் பொறுமை இருந்திருக்காது. பக்கத்தில் ஸ்பேனர். விரித்து வைத்த புத்தகத்தின் மேல், காற்றில் பக்கம் புரளாமல் இருக்க, பச்சைப் புள்ளி வைத்த நாலு போல்ட்.

பென்சன் டயரைக் கீழே வைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் கண்ணைத் திறந்தால் எதைச் சொல்வது என்று பயமாகவும் இருந்தது. மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல் அடித்தது தரையும் இல்லை, கரண்டும் இல்லை. போல்ட்களை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். ஒன்றேகாலுக்கே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி, கம்பெனி பஸ் திரும்புகிற முனைக்கே போய் நின்றான், வீட்டு வாசலுக்கு வந்து டிரைவர் ஹாரன் அடித்துவிடக் கூடாது என்று.

கம்பெனி கேட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. செக்யூரிட்டி பரசுராமன் பாக்கெட்டைக் காலி செய்யச் சொன்னார். நாலு போல்ட்டும் மேஜையில் உருண்டன.

"லைன் பொருள் உன் பாக்கெட்ல எப்டிப்பா வந்துச்சி?"

வரிசையில் பின்னால் மொத்த ஷிப்டும் நின்றது. ஏதாவது ஒரு கதை விட்டிருக்கலாம். பென்சனுக்கு அன்றைக்குக் கதை வரவில்லை. "என் வூட்டு மெஷின்ல இருந்தது சார். கழட்டணும்னு மெக்கானிக் சொன்னான், என் பொண்டாட்டி சொன்னா. நான்தான் கழட்ட வுடல. இன்னிக்கு அவளே கழட்டிட்டா."

வரிசை சிரித்த சிரிப்பு பேக்கிங் வரை கேட்டது. அன்றிலிருந்து மூன்று வாரம் கேன்டீனில் அவன் தட்டுப் பக்கத்தில் யாராவது ஒரு போல்ட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அவன் அதை ஓரமாக நகர்த்திவிட்டுச் சாப்பிட்டான்.

மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை. மாசக் கடைசியில் ஷாலின் பர்மனென்ட் ஆர்டரோடு வந்து இறங்கினாள். பென்சன் டீ போட்டுக் கொடுத்தான். மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசினாலே கேட்டது. பல நாளாக அரித்துக்கொண்டிருந்ததை அவன் அப்போதுதான் கேட்டான்.

"புக்குல மொத நாளே பார்த்துட்ட. நான் ஷிப்ட்டுக்குப் போனப்புறம் எப்ப வேணா கழட்டியிருக்கலாமே. மூணு வாரம் ஏன் சும்மா இருந்த?"

ஷாலின் டீயை ஊதினாள். "லைன்ல நிக்கிறவரு சொல்றாரு, அவருக்குத் தெரியாததா புக்குல போட்டிருக்கப் போறாங்கன்னு இருந்தேன். புக்க நம்பலீங்க. உங்களத்தான் நம்புனேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பென்சன் சண்டை போட்டுச் சமாளித்திருப்பான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவள் தூங்கப் போனாள்.