ஃபெலேதி போட்ட கொட்டாய்

அண்ணன் தன்னை வீட்டைவிட்டுத் துரத்தப் பார்க்கிறான் என்று சூலியேத்திக்குப் பட்சி சொன்னது, அவள் ரேடியோவில் பேசிய அடுத்த நாளே.

அதுவரை இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில் புரண்டவர்கள். சூலியேத்தியை ஆண் பிள்ளை என்று பேர் வைத்து வளர்த்தார்கள். அவள் ஒருநாளும் ஆணாக இருந்ததில்லை. அவர்கள் தீவில் இப்படிப் பெண்ணாக வாழ்கிறவர்களுக்கு லெய்த்தி என்று பேர். ஊர் அவளை "லெய்த்தி, லெய்த்தி" என்று கூவும்போதெல்லாம் ஃபெலேதி கல்லை எடுப்பான். வீட்டுக்கு வந்தாலோ "டேய் சூலு" என்று அவள் தலையில் தட்டி, தட்டில் இருக்கிற இறைச்சியைத் திருடித் தின்பான். அப்பா சர்ச் வாசலில் வைத்து அவள் முடியைக் கத்தரித்த அன்று, தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் கவிழ்த்தவனும் அவன்தான்.

அப்பா இப்போது இல்லை. வீடு அண்ணனுடையது.

சந்தைக்குப் பின்னால் லோசேயை நாலு பேர் அடித்துப் போட்டார்கள். லோசே இவளுடைய தோழி, அவளும் லெய்த்திதான். புகார் கொடுக்கப் போனால் போலீஸ்காரன் சிரித்தான். சூலியேத்திக்கு வந்ததே கோபம்! மற்ற லெய்த்திகளையெல்லாம் திரட்டிக்கொண்டு ரேடியோ நிலையத்துக்குப் போய், தன் பேரைச் சொல்லியே பேசினாள். "அடிச்சவன் பேரும் தெரியும், சிரிச்சவன் பேரும் தெரியும். நாங்க இனிமே வாயை மூட மாட்டோம்."

மறுநாள் போதகர் வந்தார். பெரிய காரியங்களுக்கு மரியாதைக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஏதோ சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி. ஈரப்பலா மரத்தடியில் அண்ணனோடு குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஃபெலேதி ஆளே மாறிவிட்டான். இவள் உள்ளே வந்தால் அவன் வெளியே போகிறான். டிவியில் ரக்பி பாதியில் ஓடுகிறது, எழுந்து போகிறான்! எல்லோரும் கூடி உட்கார்ந்து சேனையும் மரவள்ளியும் தின்கிற வீட்டில், தட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடுகிறான். கேலி இல்லை, தலையில் தட்டுவதும் இல்லை.

அப்புறம் வீட்டுக்குப் பின்னால் மரமும் தகரமும் வந்து இறங்கின.

"எனக்கும் இப்படித்தாண்டி ஆரம்பிச்சாங்க," என்றாள் லோசே, வீங்கிய கண்ணோடு. "முதல்ல பேச்சை நிறுத்துவாங்க. அப்புறம் பன்னிக்கொட்டில் பக்கத்துல ஒரு கொட்டாய். உன்னை அதுல தள்ளிட்டா போதகருக்கும் நிம்மதி, உங்கண்ணனுக்கும் நிம்மதி."

சூலியேத்தி கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. இருந்தாலும் நம்பவில்லை. வெளியே ஒன்று வைக்க எவ்வளவு நேரமாகும்? அம்மாவைக் கேட்டால், "உங்கண்ணன் வேலையில நான் தலையிட மாட்டேன்," என்று மரவள்ளியை உரித்துக்கொண்டிருந்தாள். ஓஹோ, அம்மாவும் கூட்டா!

சனிக்கிழமை கூரை ஏறியது. அவர்கள் விரட்டுவதற்கு முன்னால் தானே போய்விட வேண்டும் என்று, துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அந்தப் பன்னிக்கொட்டிலுக்கு நான் போக மாட்டேன். தெருவுல படுத்தாலும் படுப்பேன். போதகர் சொன்னா தங்கச்சியையே தூக்கிப் போட்டுருவியா நீ?"

ஃபெலேதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது அவன் தோளில் மெத்தை இருந்தது. அவனுடைய மெத்தை. அவள்மேல் படாமல் விலகிக் கொட்டாய்க்குப் போனான்.

"அடி கூறுகெட்டவளே," என்றாள் அம்மா. "நம்ம வழக்கத்துல, வயசுக்கு வந்த தங்கச்சி படுக்கிற கூரைக்குக் கீழ அண்ணன்காரன் படுப்பானா? கூட உக்காந்து டிவி பார்ப்பானா? போதகர் வந்து, உன் தம்பியை அடக்குன்னார். உங்கண்ணன், 'எனக்குத் தம்பியே கிடையாது, தங்கச்சிதான் இருக்கா'ன்னுட்டான். சொன்ன பிறகு அப்படி நடக்க வேண்டாமா?"

சூலியேத்தி பையைக் கீழே போட்டாள். அக்கம்பக்கத்து வீடுகளில் அண்ணன்மார் படுக்கிற எத்தனை கொட்டாய்களைப் பார்த்திருக்கிறாள்! தனக்காக ஒருவன் தள்ளிப் படுப்பான் என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

சாயங்காலம் ரக்பி. கொட்டாய் ஜன்னலில் அவன் தலை தெரிந்தது. "டேய், உன் கால் நாத்தம் இங்க வரைக்கும் வருது" என்று கத்த வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். அண்ணனிடம் தங்கச்சி இனி அதெல்லாம் பேச முடியாது. சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி, சத்தத்தைக் கூட்டினாள்.

"அம்மா," என்று கொட்டாயிலிருந்து குரல் வந்தது. "தங்கச்சிகிட்ட இன்னும் கொஞ்சம் சத்தம் வைக்கச் சொல்லு."