சாமைப் பொங்கலும் என் வாயும்

கொல்லிமலைக்குப் போய் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. மலைமேல் பொங்கல் வைக்க ஆசைப்படுகிறவர்கள் நாலு பேராவது இதைப் படித்து உஷாராகட்டும் என்று இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் என் மகளுக்கு விஷ ஜுரம். ஏழு வயசுக் குழந்தை இருபத்தொரு நாள் கண் திறக்காமல் கிடந்தது. என் மனைவி கமலத்தின் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர். அவர் காலமாகி, அங்கே இப்போது உறவு என்று சொல்ல யாருமில்லை. ஆனாலும் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவள் இவள். குழந்தை பிழைத்தால் தை முதல் நாள் காலையில் கொல்லிமலை மேல் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தது. நான் சேலத்தில் கணக்கு வாத்தியார். இருபது வருஷமாகச் சிவப்பு மைப் பேனாவும் கையுமாக இருக்கிறவன். வேண்டுதலில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. வாக்குக் கொடுத்தால் நிறைவேற்ற வேண்டும் என்பதில் உண்டு. குழந்தையை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, போகிக்கு முதல் நாள் காலை புறப்பட்டோம்.

சேலத்திலிருந்து ராசிபுரம் பதினேழு மைல். யுத்தத்தால் பெட்ரோல் இல்லை, கரி பஸ்தான். மூன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஏற்றங்களில் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். டிக்கெட் தலைக்கு ஏழணா. தள்ளுகிறவனுக்குக் கழிவு உண்டா என்று கண்டக்டரைக் கேட்டேன். அவன் சிரித்தான். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு மாட்டு வண்டி, இரண்டேகால் ரூபாய். பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மிளகு வியாபாரம் செய்யும் ராவுத்தர் ஒருவர் தம் கடைத் தாழ்வாரத்தில் படுக்க இடம் கொடுத்தார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பிரயாணம் முழுவதிலும் எனக்குக் கோபம் வராத மனிதர் அவர் ஒருவர்தான். "மேல காசு அவ்வளவாச் செல்லாதுங்க. உப்புக் கொண்டு போங்க" என்றார். நாலு படி உப்பு வாங்கிக்கொண்டேன். சுமை தூக்க ஒரு கூலியாளையும் அவரே பேசிவிட்டார். போக வர ஒன்றரை ரூபாய், சாப்பாடு நம்முடையது.

போகியன்று காலை ஆறு நாற்பதுக்கு ஏற ஆரம்பித்தோம். அடிவாரத்தில் ஒரு சாவடி. அங்கிருந்த சேவகன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னான். பொங்கலுக்காக மூன்று வாரம் ரேஷனில் மிச்சம் பிடித்த இரண்டு படி பச்சரிசி உள்ளே இருந்தது. தானியம் தாலுகா விட்டுத் தாலுகா போகக் கூடாதாம். மலை எந்தத் தாலுகா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமலே பிடுங்கிக்கொண்டான். திரும்பிப் போய் வாங்கலாமென்றால் சேலத்து ரேஷன் கார்டுக்கு முள்ளுக்குறிச்சியில் அரிசி கிடையாது. பாசிப்பருப்பு, வெல்லம், நெய், உப்பு, வெண்கலப் பானை இத்தனையும் இருக்க, அரிசி இல்லாமல் பொங்கல் வைக்கப் போன முதல் தம்பதி நாங்களாகத்தான் இருப்போம்.

ஏற்றம் செங்குத்து. கூலியாளிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கும்போதெல்லாம் "ஒரு கூப்பிடு தூரமுங்க" என்றான். ஐந்து கூப்பிடு தூரம் நடந்தபின் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். பகல் ஒன்று இருபதுக்குப் பெரக்கரை நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு சிற்றூரை அடைந்தோம். இருபது இருபத்தைந்து வீடுகள் இருக்கும். சரிவெல்லாம் ராகி முற்றி நின்றது. மொச்சை காய்த்துத் தொங்கியது. காற்று குளிர்ந்து சுகமாக இருந்தது என்பதையும் நியாயத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வீட்டில் நல்லம்மா என்ற பெண் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தங்க இடமும் கொடுத்தாள். முப்பது வயசு இருக்கும். புருஷன் பட்டாளத்து ரோடு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறதாம். உப்பைக் காட்டி, பொங்கலுக்கு இரண்டு படி சாமை தருவாயா என்று கேட்டேன்.

"புதுசு இன்னும் போடலீங்க. நாலாம் நாளுதா எங்க பொங்கல். ஊடு ஊட்டுக்கு ஒரு கைப்பிடி எடுத்து ஊருப் பானையில போட்டுச் சாமி கும்பிட்டப்பறந்தா நாங்களே வாயில வெப்போம்" என்றாள்.

"பழைய சாமை?"

"தீந்து பத்து நாளாச்சுங்க. கெழங்குதா வேகுது."

குதிர் நிறையத் தானியத்தை வைத்துக்கொண்டு கிழங்கு தின்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சூரியனுக்கு வைக்கும் பொங்கலும் சாமிக்குத்தானே, இதில் என்ன நாலாம் நாள் கணக்கு என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். கமலம் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குழந்தையின் ஜுரத்தைச் சொன்னாள். நல்லம்மா கமலத்தின் பக்கம் திரும்பினாள்.

"கொளந்தைக்கு எத்தன வயசுங்க?"

"ஏழுங்க."

உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, குத்திப் புடைத்த சாமையை ஒரு கூடையில் கொண்டுவந்து கமலத்திடம் கொடுத்தாள். "யாரு கேட்டாலும் கீழிருந்து கொண்டாந்ததுன்னு சொல்லிப்போடுங்க. மறந்துடாதீங்க" என்றாள்.

தெரிந்தால் என்ன ஆகும் என்று கமலம் கேட்டாள். "எங்கூட்டுப் புதுசை ஊருப் பானைக்கு வாங்கமாட்டாங்க. சாமி வாங்காத தானியத்தைக் கூலியாக்கூட ஒருத்தரும் தொடமாட்டாங்க. ராகி இன்னும் கொல்லையில நிக்குதுங்க. நா ஒருத்தியா அறுக்க முடியுங்களா?" என்றாள். சரி சரி, சொல்லமாட்டோம் என்றேன். நான்தான் சொன்னேன், கமலம் அல்ல.

இனி சமையல். போக நினைப்பவர்களுக்கு இது உபயோகப்படும். தை முதல் நாள் காலை, வெயில் கிளம்பும் நேரத்துக்கு, நல்லம்மா வீட்டு வாசலில் கிழக்கு பார்த்து மூன்று கல் கூட்டினோம். பானைக் கழுத்தில் கட்ட இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் அவள் கொல்லையிலேயே பிடுங்கினோம். சாமையை நெய்யில் லேசாக வறுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் களியாகிவிடும். ஒரு பங்கு சாமைக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு, மூன்று பங்கு தண்ணீர், ஒரு பங்கு பால். மலைமேல் வேக நேரம் பிடிக்கிறது, அவசரப்படக் கூடாது. பாதியைத் தனியே எடுத்து வெண்பொங்கலாக்கினோம். கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகைக் கொத்தோடு நசுக்கி, இஞ்சியும் சேர்த்துத் தாளித்தாள் கமலம். காய்ந்த மிளகு இதற்குக் கிட்டவே வராது. மீதிப் பாதியில் வெல்லப்பாகு. இறக்கிய பிறகு மலைத்தேன் இரண்டு கரண்டி, மலை வாழைப்பழம் நறுக்கிப் போட்டது. தேனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். தொட்டுக்கொள்ளப் பச்சை மொச்சைக் குழம்பு, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. பால் பொங்கி வழிந்தபோது கமலம் அழுதுவிட்டாள். அப்படியொரு வாசனை. அந்தத் தெருவே மணத்தது.

அப்போதுதான் ஊர்க்கவுண்டர் இரண்டு பேரோடு அந்தப் பக்கம் வந்தார். ஐம்பது வயசு, நல்ல மரியாதைக்காரர். "ஏனுங்க, பொங்கலுங்களா? எல்லாம் கீழிருந்து கொண்டாந்ததுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சாமைங்க. கீழிருந்து கொண்டாந்ததுங்க" என்றாள் கமலம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். கவுண்டர் சிரித்துக்கொண்டே, "அதான பாத்தேன். போன வருசத்துச் சாமையா இருக்கும். வாசமே இல்லை பாருங்க. புதுசுன்னா நாலு ஊடு தள்ளி மணக்குமுங்க" என்றார்.

தப்பான விடை. என் முகத்துக்கு நேரே, மூக்கைத் துளைக்கிற வாசனையை இல்லை என்கிறார். சாவடிச் சேவகன், கூப்பிடு தூரம், நாலாம் நாள் கணக்கு எல்லாம் சேர்ந்து எனக்குள் குமுறிக்கொண்டிருந்தது. "வாசம் இல்லையா? உமக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறதா? இது புதுசு ஐயா, நேற்றுக் குத்தின புதுச் சாமை!" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. கமலத்தின் கையிலிருந்த கரண்டி பானையில் விழுந்துவிட்டது. கவுண்டரின் முகத்தில் சிரிப்புப் போயிற்று. அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவருகில் நின்றவளைப் பார்த்தார்.

"நல்லம்மா?"

"ஆமாங்க மாமா" என்றாள். குழந்தையைச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் ஊரே மரத்தடியில் கூடிவிட்டது. அவள் வீட்டுப் புதுசு இந்த வருஷம் ஊர்ப் பானைக்கு வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. நான் கத்தினேன். கேட்டவர்களுக்குக் கொடுத்தது குற்றமா என்றேன். கலெக்டருக்கு மனு எழுதுவேன் என்றேன். "எழுதுங்க சாமி" என்றார் கவுண்டர். தண்டனையை என் மேல் போடுங்கள் என்றேன். "உங்க மேல தப்பு ஒண்ணுமில்லீங்க. நீங்க வெளியூரு" என்றார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது.

கமலம்தான் எழுந்து குழந்தையின் ஜுரத்தைச் சொன்னாள். கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "கொளந்தைக்குன்னு எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, நாளை முன்ன தள்ளி நேத்தே புதுசு போட்டிருப்போமுங்க. ஊருக்குச் சொல்லாம எடுத்ததுதா தப்பு. அதை இனி நாங்க எப்பிடி மாத்தறது?" என்றார். கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தோன்றவில்லை. பாடம் நடத்தத்தான் தோன்றியது.

இலையில் வைத்த பொங்கலை நானும் கமலமும் தொடவில்லை. ஊரில் யாரும் தொடமாட்டார்கள். கூலியாள் மட்டும் மூன்று இலை சாப்பிட்டான். ருசி பிரமாதம் என்றான். அவனை அடிக்கக் கை ஓங்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். புறப்படும்போது நல்லம்மா நாலு கமலா ஆரஞ்சைக் கமலத்தின் மடியில் போட்டாள். குழந்தைக்கு என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. இறக்கம் நாலு மணி நேரம். வழி நெடுக நான் கவுண்டரையும் ஊர்க் கட்டுப்பாட்டையும் திட்டிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வந்தபின் கமலம், "இந்த வேண்டுதல் சேராதுங்க. அடுத்த தை நான் என் அண்ணனோட போய்க்கிறேன்" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. விடிந்ததும் ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாதை கொல்லும். கம்பளியும் உப்பும் அவசியம். சாவடியில் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அரிசி கொண்டுபோகாதீர்கள். மேலே தானியம் வேண்டுமென்றால் நேரே ஊர்க்கவுண்டரிடம் போய், உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுப் பெண்களிடம் கேட்காதீர்கள். சமயத்துக்கு ஒரு பொய் சொல்லி நிற்க முடியாதவர்கள், என்னைப் போல எதிராளியின் தப்பைத் திருத்தாமல் தூக்கம் வராதவர்கள், தயவு செய்து வீட்டிலேயே பொங்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ராவுத்தர் மிளகு விற்கச் சேலத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். நல்லம்மாவின் ராகி என்னவாயிற்று என்று கேட்டேன். கூலிக்கு ஒருவரும் போகவில்லையாம். அவள் தனியாகவே அறுத்தாளாம். பாதிக்கு மேல் கொல்லையிலேயே உதிர்ந்துவிட்டதாம்.

"என்னைப் பற்றி என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"உங்களப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்க. கொளந்தை எப்பிடி இருக்குதுன்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."

குழந்தை வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. கமலம்தான் பதில் சொல்லி அனுப்பினாள்.