தனியாகத் தூக்கப் பழகியவள்

மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் நான் கண்ட பெரிய வேடிக்கை, நல்ல உத்தியோகம் பார்க்கிறவர்கள் சாயங்காலம் ஒரு கூடத்தில் கூடி, இரும்பைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே திரும்ப வைப்பதுதான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம். வழுக்கைத் தலையர் ஒருவர் முகம் சிவந்து, கன்னம் உப்பி, ஒரு கம்பியைத் தலைக்கு மேலே ஏற்றுவார். பிறகு கீழே வைத்துவிடுவார். அட ஆண்டவரே, இதற்கா இத்தனை பாடு! எங்கள் ஆம்பூரில் எடை தூக்குகிறவன் எதையாவது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் தூக்குவான். என் அப்பா முப்பது வருஷம் டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போட்டவர். வேலை விட்டு வந்தால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கக்கூட அவருக்கு மனசிருக்காது.

நானோ வேலூரில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். ஊசி, மருந்து, கட்டு, எதிலும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நோயாளியைத் தனியாகத் தூக்கியதே இல்லை. சிரிக்காதீர்கள், ஊரில் இருக்கிற நர்ஸுகளைக் கேட்டுப் பாருங்கள். நம் வார்டில் ஒருவர் படுத்தால் கூடவே நாலு பேர் வந்து இறங்கிவிடுகிறார்கள். நாம் வாய் திறப்பதற்குள் மச்சான் தோளைப் பிடிப்பார், சித்தப்பா இடுப்பைப் பிடிப்பார். வாணியம்பாடிப் பெரியவர் ஒருவரைப் புரட்ட நான் கை வைத்தபோது அவர் மகன் குறுக்கே வந்தார்.

“நீங்க எதுக்கு பேஜார் படறீங்க சிஸ்டர்? நவுருங்க. நாங்க அஞ்சு பேரு கீறோம்ல.”

ஆள்பலம் என்று நாம் சொல்வது இதைத்தான். எட்டு வருஷமும் நான் அடுத்தவர் வீட்டு ஆள்பலத்தில் வேலை பார்த்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போது தெரியாது.

இங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கனத்த உடம்புக்கார அம்மாள் ஒருவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னார்கள். நான் வழக்கம்போல நடைக்கு வந்து, கூட வந்தவர்களைத் தேடினேன். நடையில் ஈ காக்கை இல்லை. உள்ளே போய், எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையை வைத்து, “உங்கள் வீட்டார் எங்கே?” என்று கேட்டேன். நான் அக்கறையாக விசாரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் அந்த அம்மாள். மேஜை இழுப்பறையிலிருந்து மகனின் படத்தை எடுத்துக் காட்டி, அவன் கனடாவில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு கை கொடுக்க ஆள் கேட்கப் போனவள், அவர் கண்ணைத் துடைத்துவிட்டுத் தனியாகவே தூக்கினேன். இடுப்பில் சுளீரென்றது.

வலியை வெளியே சொல்லவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வளர்ந்த ஜென்மம் அல்லவா? ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை வார்டின் தலைமை நர்ஸ் பார்த்துவிட்டார். நம்மூர் சிஸ்டருக்கு இங்கே ஷ்வெஸ்டர் என்று பெயர். “ஷ்வெஸ்டர் ரூத், இங்கே வார்டுக்கு இரண்டே பேர். தூக்க முடியாத நர்ஸை நாங்கள் வைத்துக்கொள்ள முடியாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோலச் சொன்னார். எனக்கு ஆறு மாத ப்ரோபெட்ஸைட், அதாவது நம்மூர் புரொபேஷன். அது முடிந்து வேலை நிலைத்தால்தான் வேலூர் சத்துவாச்சாரியில் விட்டுவந்த என் கணவரையும் ஐந்து வயது மகள் ஜெனிபாவையும் வரவழைக்கலாம். நிலைக்காவிட்டால் நான் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

இடுப்புவலி ஆறியதும் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துப் பயிற்சிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். அதே இரும்பு! சொல்லித்தந்த மோனிகா என்னைவிட ஆறு வயது சின்னவள். வெறும் கம்பியைக் கொடுத்தாள். அதைத் தூக்கவே என் முழங்கால் ஆடியது. எங்கள் தெருவில் பையன்கள்தான் கர்லாக்கட்டை சுற்றுவார்கள்; பெண்ணுக்குக் குடமும் குழந்தையும் போக வேறு எடை எதற்கு? வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொன்னாள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற புத்தி விடுமா? நான் அவளுக்குத் தெரியாமல் ஏழு நாளும் போனேன். மூன்றாம் வாரம், முன்பு தூக்கியதையே தூக்க முடியவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்த மோனிகா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தூக்கும்போது உடம்பு தேய்கிறது, ஓய்வில்தான் அது வளர்கிறது என்று படம் போட்டு விளக்கினாள். எனக்குத் திகைப்பாக இருந்தது. ஓய்வு என்றால் சோம்பேறித்தனம், வலியைச் சொன்னால் பலவீனம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? அப்பா ஒரு நாளும் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னதில்லை. அது பலம் இல்லை, சொல்ல வழியில்லாத பாடு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிறகு ஒழுங்காகப் பழகினேன். இரும்புக்கு நம்மேல் இரக்கமும் கிடையாது, பகையும் கிடையாது. செவ்வாய்க்கிழமை தூக்க முடியாதது வெள்ளிக்கிழமையும் அங்கேயே காத்திருக்கும். ஒருநாள் ஜெனிபா கோணல்மாணலாக எழுதிய முதல் கடிதம் வந்தது. ‘அம்மா, நீ எப்போ வர்ற?’ என்ற ஒரே வரி. அழுதுகொண்டே பத்து முறை தூக்கினேன். பத்தாவது முடிந்தபோது அழுகையும் ஓய்ந்திருந்தது. துக்கம் எங்கும் போகவில்லை. அதைச் சுமந்துகொண்டு நிற்கக் கால் வந்திருந்தது. நான் இரும்பு தூக்குவதை ஊருக்கு எழுதினேன். அப்பா சொல்லச் சொல்ல அண்ணன் பதில் எழுதினார்: “இன்னாம்மா கூத்து இது? தூக்கணும்னு ஆசையா இருந்தா இங்க வா. தோலு ஜாஸ்தி கீது, ஆளு கம்மி.”

ஆறாம் மாதம், தலைமை நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர் ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தனியாக மாற்றினேன். முதுகு நேர், முழங்கால் மடக்கம், மூச்சு ஒழுங்கு. கையெழுத்துக் கிடைத்தது. அடுத்த கோடையில் ஜெனிபாவும் அவள் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு இறக்கவே மனசில்லாமல் நடந்தேன்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, நான் மட்டும் ஊருக்கு ஓடினேன். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். என் அண்ணன் தேவராஜும் தம்பிகள் இருவரும் முறை போடாமல் மூன்று பேருமே அங்கே கிடந்தார்கள். அவர்கள் டீ வாங்கப் போன நேரத்தில் அப்பா உட்கார ஆசைப்பட்டார். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, மனசுக்குள் மார்தட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் டீ தம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டார். “நைனாவ யாரு தூக்குனது?”

“நான்தாண்ணா.”

“தனியாவா?” அப்பாவைப் பார்த்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அப்போ நாங்க எதுக்கும்மா இங்க கீறோம்?”

அவர் குரலில் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர்கள் அப்பாவுக்குச் செய்யக் கிடைத்த ஒன்றை, உங்களால் ஆகாது என்று சொல்லாமல் சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அப்பாவைக் கட்டிலுக்கு மாற்ற, அவருக்கு அடியில் இருந்த போர்வையின் மூன்று முனைகளை அண்ணனும் தம்பிகளும் பிடித்தார்கள். நானாகப் போய்ப் பிடிக்காமல் ஒதுங்கி நின்றேன். “வா ரூத்து” என்றார் அண்ணன். நாலாவது முனையைப் பிடித்தேன். பழக்கதோஷம், முதுகை நிமிர்த்தித் தூக்கிவிட்டேன். என் முனை மட்டும் எழும்பி, அப்பா சின்னத் தம்பியின் பக்கம் சரிந்தார்.

“ஏய், நீ தூக்காத!” என்று அண்ணன் பதறினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சும்மா புடிச்சிக்கினு எங்கூட வா, போதும்.”

பிடித்துக்கொண்டு நடந்தேன். என் கையில் எடையே இல்லை.