மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரம்

நான் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது என் மாமியார் காபித்தூள் டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டேன்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க? புள்ள கரிக்கட்டையாட்டம் பொறக்கப் போவுது."

"பொறக்கட்டும் அத்த. நான் கறுப்பு, உங்க புள்ளையும் கறுப்பு. செவப்பா பொறந்தாதான் நீங்க கவலப்படணும்."

அவர் முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு நான்தான் நர்ஸ். கணவருக்கு மூங்கில்துறைப்பட்டில் ஆலை வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் வாடகை வீட்டில் நானும் மாமியாரும்தான். நான் பிறந்தது மணலூர்பேட்டைப் பக்கம். ஊருக்குள் அல்ல, காலனியில். தாத்தா காலத்திலேயே கிறித்தவர்களாகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பைபிளோடு சர்ச்சுக்குப் போவோம். திங்கட்கிழமை கரும்பு வெட்டப் போனால் ஊருக்கு நாங்கள் பழைய காலனிக்காரர்கள்தான்.

என் அப்பா காபிக்கடைக்குள் உட்கார்ந்து காபி குடித்ததில்லை. கடைக்கு வெளியே கூரையில் செருகியிருக்கும் அலுமினியக் குவளையை அவரே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். கடைக்காரர் எட்ட நின்று ஊற்றுவார். குடித்துவிட்டுக் கழுவி அதே இடத்தில் செருக வேண்டும். சிறுமியாக அவரோடு நின்று அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் வாங்கித் தரட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்பேன். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. அந்தக் குவளைதான் பிடிக்கவில்லை.

நர்ஸ் பயிற்சிக்குப் போன முதல் நாள், பயிற்சிப் பள்ளியின் கேன்டீனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பையன் எவர்சில்வர் டம்ளரில் நுரை ததும்ப காபி கொண்டுவந்து வைத்தான். எல்லோருக்கும் வைத்த அதே டம்ளர். சுடச்சுட குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் காபிக்காரி. ஒரு நாளைக்கு ஐந்தாறு டம்ளர் உள்ளே போகும். யாராவது அதிகம் என்று சொன்னால் என் அப்பா குடிக்காமல் விட்டதையும் சேர்த்துக் குடிக்கிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன்.

வேலையிலும் அது எனக்குத் துணை நின்றது. காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டினால் மலைப் பாதையில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஏறுவேன். ஒருமுறை மலைமேல் ஒரு வீட்டில் பெரியவர் ஒருவருக்கு இழுப்பு வந்துவிட்டது. என் பையில் அதற்கான மருந்து இல்லை. ஜீப் வர நேரமாகும். காபி மூச்சுக்குழாயைக் கொஞ்சம் தளர்த்தும் என்று பயிற்சியில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் தூள் இருந்தது. பால் இல்லாமல் கெட்டியாகப் போட்டு இரண்டு டம்ளர் கொடுத்தேன். இழுப்பு நிற்கவில்லை. ஆனால் பேச முடியாமல் இருந்தவர் ஜீப் வருவதற்குள் "போதும்மா, கசக்குது" என்று சொல்லும் அளவுக்குத் தெளிந்தார். அது மருந்து இல்லை, மருந்துக்குப் பதிலும் இல்லை. ஆனால் அன்றைக்கு அதுதான் கையில் இருந்தது.

இப்படிப்பட்ட என்னைக் கள்ளக்குறிச்சியில் ஒரு லேடி டாக்டர் பரிசோதித்தார். என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது.

"நீயே நர்ஸ். ஊருக்கெல்லாம் சத்து மாத்திரை கொடுக்கறே. நீ போடறதில்லையா?"

"தெனமும் போடறேன் மேடம். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"எதோட போடறே?"

"காபியோட," என்று முணுமுணுத்தேன். காலையில் காபி குடிக்கும்போது அந்தக் காபியிலேயே மாத்திரையை விழுங்குவேன். அதை நினைத்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. காபியோடு சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது என்று படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். என் விஷயத்தில் அது பொருந்தும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"காபியை அடியோட நிறுத்து," என்றார் டாக்டர். "உங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒரு புதுப் பழக்கம். அளவே தெரியறதில்ல."

அதுவரை தலைகுனிந்து இருந்தவள் நிமிர்ந்தேன். அவர் சொன்னதில் முதல் பாதி வைத்தியம். இரண்டாவது பாதிக்கு நான் எதற்குத் தலைகுனிய வேண்டும்?

"எதுக்கு மேடம் அடியோட நிறுத்தணும்? மாத்திரைக்கும் காபிக்கும் நடுவுல இடைவெளி விட்டாப் போதாதா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நர்ஸ்கள் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

"ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் காபி பக்கமே போகக் கூடாது. சாப்பாட்டோடயும் கூடாது. ஒரு நாளைக்கு ரெண்டு. அதுக்கு மேல குடிச்சா குழந்தை எடை குறையும். முடியுமா உன்னால?"

"முடியும் மேடம்."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆறிலிருந்து இரண்டுக்கு ஒரே நாளில் இறங்கினேன். மறுநாள் மதியம் இரண்டு பொட்டிலும் யாரோ ஆணி அறைவது போலத் தலைவலி. மாமியார் வெற்றிலையை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டார். "நான் சொன்னப்ப கேட்டியா? டாக்டரம்மா சொன்னாதான் கேப்பியா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான்காம் நாள் வலி விட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ச் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு நடத்திய போராட்டத்தில் சாலை மறியல் வந்தது. எங்கள் மாவட்டம் முழுக்க ஒரு வாரம் பஸ் இல்லை. புளியமரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்ததாகவும், துப்பாக்கிச் சூடு நடந்ததாகவும் செய்தி வந்தது. எது நிஜம், எது வதந்தி என்று தெரியவில்லை. மாமியார் கதவைத் திறக்கவே விடவில்லை.

மூன்றாம் நாள் அதிகாலை, மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வந்தது. போகாதே என்று மாமியார் கையைப் பிடித்தார். "அந்தப் பொண்ணுக்கு மறியல் தெரியுமா அத்த, வலிதான் தெரியும்," என்று சொல்லிவிட்டு வயல் வழியாக நடந்தேன். ஆண் குழந்தை. சிக்கல் ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டு, பையிலிருந்த சத்து மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கிளம்பினேன். களைப்பாக இருந்ததால் வயல் வழியை விட்டு ரோட்டிலேயே வந்தேன்.

ஒரு திருப்பத்தில் பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. பத்துப் பதினைந்து பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். சொசைட்டியின் பால் வண்டி ஓடாததால் ஊரில் பால் தேங்கிப் போயிருந்தது. அதை ஓர் அலுமினிய அண்டாவில் ஊற்றி ரோட்டிலேயே காபி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் தயங்கியது. திரும்பிப் போகவும் மனம் வரவில்லை.

"யாரு, நர்சம்மாவா?" என்று ஒருவர் எழுந்து வந்தார். அவர் மனைவிக்கு அதற்கு முந்தைய வருடம் நான்தான் பிரசவம் பார்த்திருந்தேன். "இந்த நெலமையில ஏம்மா நடந்து வர்றீங்க? உக்காருங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவரே ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினார். அவர்கள் குடித்துக்கொண்டிருந்த அதே எவர்சில்வர் டம்ளர். வாசனை மூக்கில் ஏறியது.

"வேணாங்க," என்றேன். "இப்ப குடிக்கக் கூடாது."

அவர் முகம் மாறிவிட்டது. பின்னாலிருந்து ஒரு இளைஞன், "வுடுண்ணே. நம்ம கையால வாங்க மாட்டாங்க. நாம இன்னா விஷமா வெச்சிக்கினு இருக்கோம்?" என்றான். இன்னொருவன் கசப்பாகச் சிரித்தான்.

எனக்கு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. என் அப்பா நாற்பது வருடம் வெளியே நின்று குடித்தார். அப்போது யாருக்கும் வருத்தமில்லை. அவர் மகள் ஒரு டம்ளரை ஒருமுறை வேண்டாம் என்றால் அது அவமானமா?

"தம்பி," என்றேன். "நான் இப்பதான் சத்து மாத்திரை போட்டேன். ஒடம்புல ரத்தம் கம்மி. ஒரு மணி நேரத்துக்குள்ள காப்பி குடிச்சா மாத்திரை வேஸ்ட்டு. இப்ப மணி எட்டே கால். ஒம்போதே கால் வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். அப்புறம் நீயே ஊத்திக் குடு. குடிக்கிறேனா இல்லியான்னு பாரு."

சொல்லிவிட்டு மரத்தின்மேல் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தாமாக நகர்ந்து இடம் விட்டார்கள்.

கால் மணி நேரம் போனது. பிறகு ஒரு பெரியவர் மெதுவாக, "ஏம்மா, எனக்குக் காப்பி குடிச்சா நெஞ்சு எரியுது. அதனாலதானா?" என்று கேட்டார்.

"வெறும் வயித்துல குடிக்கிறீங்களா?"

"எழுந்ததும் அதான்."

"எதனா சாப்ட்டுட்டுக் குடிங்க. அப்பயும் எரிஞ்சா வுட்டுடுங்க."

அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குப் படுத்தால் தூக்கம் வருவதில்லை. பொழுது சாய்ந்த பிறகு காபியைத் தொடாதீர்கள் என்றேன். பிரஷர் உள்ளவர் குடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். குறைத்துக் குடித்து, அளந்து பாருங்கள் என்றேன். காபி குடித்தால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமா என்று எனக்கு முதலில் காபி நீட்டியவரே கேட்டார். "அப்ப பால் குடிக்கிற எருமைக் கன்னு வெள்ளையா இருக்கணுமே?" என்றேன். விஷமா என்று கேட்ட இளைஞனும் சிரித்துவிட்டான்.

அவன்தான் பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்களுக்கெல்லாம் ஒதுக்கீடு குடுத்தாங்க. எங்களுக்கும் வேணும்னுதானே கேக்கறோம்."

"கேளுங்க தம்பி. கேக்க வேண்டியதுதான். ஆனா எங்க பேரு அந்த எஸ்.சி. பட்டியல்ல இல்ல. சர்ச்சுக்குப் போறோம்னு எடுத்துட்டாங்க. நாங்களும் கேட்டுக்கினுதான் இருக்கோம். அதுக்காக யார் வூட்டையும் நாங்க எரிக்கல."

"இங்க யாரும் எரிக்கலம்மா," என்றார் பெரியவர் சட்டென்று.

"இங்கன்னு நான் சொல்லல," என்றேன்.

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதே கால் ஆனபோது நான் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த இளைஞன் அண்டாவைச் சுடவைக்கப் போய்விட்டான். காபியை ஆற்றி நீட்டினான். நான் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. உதட்டை டம்ளரில் வைத்து, எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு வாயாகக் குடித்தேன். சர்க்கரை அதிகம். தூள் மட்டம். அதையும் அவனிடம் சொன்னேன். அவன் டம்ளரை வாங்கிக் கழுவி, தனக்கும் ஊற்றிக் குடித்தான். கழுவாமல் குடித்திருந்தால் நானே திட்டியிருப்பேன். நான் நர்ஸ்.

இருவர் என்னை வீட்டுத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார்கள். ஒரு டம்ளர் காபியால் எதுவும் மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அப்பாவின் ஊரில் அந்த அலுமினியக் குவளை அதற்குப் பிறகும் சில வருடங்கள் கூரையில் செருகித்தான் இருந்தது.

மாத்திரை வேலை செய்தது. அடுத்த பரிசோதனையில் ஒன்பதரை. அதற்கடுத்து பத்தைத் தாண்டியது. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "நிறுத்திட்டியா?" என்று கேட்டார். "இல்ல மேடம், ரெண்டு," என்றேன். அவர் அடுத்த சீட்டை எழுதினார். அதற்குப் பிறகு நானும் கர்ப்பிணிகளிடம் வெறுமனே காபி குடிக்காதே என்று சொல்வதை விட்டேன். எதோடு குடிக்கிறாய், எப்போது குடிக்கிறாய், எத்தனை என்று கேட்டேன். அப்போதுதான் அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். மாத்திரையைப் பால் காபியில் கரைத்துக் குடித்த ஒருத்திகூட இருந்தாள்.

தை மாதம் எனக்குப் பெண் பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. நல்ல கறுப்பு. மாமியார் அவளைத் துணியில் சுற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் பதிலோடு தயாராக இருந்தேன். "மூக்கு என் மூக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு முத்தம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் மூன்றாவது டம்ளர் குடித்த நாட்களில் குழந்தை மதியம் தூங்காமல் கையைக் காலை உதைத்துச் சிணுங்கிக்கொண்டே இருந்தாள். தாய்ப்பாலில் காபி கொஞ்சம் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் மூன்று டம்ளர் குடித்துப் பார்த்தேன். ஒரு வாரம் ஒரே டம்ளரோடு நிறுத்திப் பார்த்தேன். நிறுத்திய வாரத்தில் அவள் அடுத்துப் பால் கொடுக்கும் நேரம் வரை அசையாமல் தூங்கினாள். பால் மறக்கும் வரை ஒரு டம்ளரோடு இருந்தேன். மாமியார் சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை. நானே பார்த்தேன், நானே குறைத்தேன்.