ஒன்பது இருபத்து நாலுக்கு விழுந்த கையெழுத்து

இரண்டாயிரத்துக்குப் பிறகான சில வருடங்களில், திண்டுக்கல்லில் என் வீட்டு பீரோவுக்குள் பதினோரு பேருடைய கையெழுத்து இருந்தது. ஆடிட்டர் ஒருவருக்காக, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே கம்பெனிகளின் படிவங்களை அரசாங்கத்துக்கு அனுப்புவது என் வேலை. படிவத்தில் பேனாவால் கையெழுத்துப் போடுவது போய், டைரக்டர்கள் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று வந்திருந்தது. அதற்கென்று பென்டிரைவ் மாதிரி ஒன்றைத் தருவார்கள். டோக்கன் என்று பெயர். அதைச் செருகி பாஸ்வேர்டை அடித்தால் படிவத்தில் அவர் பெயர் விழும். பக்கத்திலேயே தேதியும் நேரமும் விழும்.

சட்டப்படி அதை அவரவர்தான் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் யார் வைத்திருந்தார்கள்? வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டு ஆடிட்டரிடம் கட்டாகக் கொடுத்துப் பழகியவர்கள், இதையும் அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் பெயரையும் பாஸ்வேர்டையும் துண்டுச் சீட்டில் எழுதி, டோக்கனோடு ரப்பர்பேண்ட் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்தேன். பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு முருகன்தான். இதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது, அவ்வளவுதான்.

அந்த டோக்கன்களில் ஒன்று, நத்தம் ரோட்டில் நூல் மில் நடத்திய பெரியவருடையது. கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஆரம்பித்த மில். இவருக்கு ஒரே மகள். படிப்பை முடித்த கையோடு மில்லுக்கு வந்து, பஞ்சு வாங்குவது முதல் ஷிப்டுக்கு ஆள் பிடிப்பது வரை எல்லாவற்றையும் அவள்தான் பார்த்தாள். அவளை டைரக்டர் ஆக்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று இழுத்தடித்த கூட்டாளி ஒருவழியாகத் தலையாட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை படிவம் தயாரானது. பெரியவரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போன் போட்டேன்.

“செவ்வாக்கெழம வேணாம் தாயி. நாளைக்கு அஷ்டமி, மறுநா நவமி. வெள்ளிக்கெழம ஒம்பதே காலுக்கு மேல நல்ல நேரம். அப்பப் போட்டு விட்டுரு” என்றார்.

“கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா அஷ்டமி நவமி?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“கம்ப்யூட்டருக்கு இல்ல தாயி, புள்ளைக்கு.”

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். கிண்டல் செய்தேனே தவிர, அவர் சொன்ன நேரத்தைத் தவறவிட எனக்கும் பயம்தான். டோக்கனைச் செருகி, பாஸ்வேர்டு அடித்தேன். பெயர் விழுந்தது. ஒன்பது இருபத்து நாலு. அனுப்பிவிட்டு, அவரிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டால் யாரும் போனை எடுக்கவில்லை. பூஜையில் இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பத்தரை வாக்கில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பெரியவர் போய்விட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு, தூக்கத்திலேயே மாரடைப்பாம்.

உயிர் போய் நாலரை மணி நேரம் ஆன மனிதரின் கையெழுத்தை நான் போட்டு அனுப்பியிருந்தேன். துக்க வீட்டுக்குப் போனேன். மாலை போட்டேன். வாயைத் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் சொன்னதைத்தானே செய்தேன்? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதினாறு நாளை ஓட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பெரியவரின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள்.

“அக்கா, அப்பா எனக்காகக் கடைசியாக் கையெழுத்துப் போட்டாருல்ல, அந்த பாரத்தை ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க. பிரேம் போட்டு வைக்கணும்.”

பிரிண்டரில் மை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அப்பா பெயரை விரலால் தடவிக்கொண்டே வந்தவள், நேரத்தில் நின்றாள்.

“ஒம்பது இருபத்தி நாலா? அப்பா அஞ்சு மணிக்கே போயிட்டாரேக்கா. யாரு போட்டது?”

“நான்தாம்மா. வெள்ளிக்கெழம போடச் சொல்லியிருந்தாரு. போனது எனக்குத் தெரியாது.”

“இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம்?”

“அதுவும் நான்தான்.”

அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை மேஜை மேல் வைத்தாள். இந்தக் கையெழுத்தில் தான் டைரக்டராக இருக்க முடியாது என்றாள். “அப்பா இஷ்டப்பட்டதுதானே தாயி” என்று கெஞ்சினேன்.

“இஷ்டம் அவரோடதுதான். கையெழுத்து அவரோடது இல்லையே.”

அவள் கேட்டபடி, ஆடிட்டரிடம் உள்ளதைச் சொன்னேன். என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்து அந்தப் படிவத்தை நிறுத்தினார். நான் வெட்கத்தை விட்டுக் கூட்டாளியிடம் போய், உங்கள் கையெழுத்தில் மறுபடி போடலாமே என்று கேட்டேன். “வருசம் திரும்பட்டும், பாப்போம்” என்றார். வருடம் திரும்பியது. அவருடைய மருமகன் டைரக்டர் ஆனார். அப்பா கட்டிய மில்லை விட்டு இறங்கி, கோயம்புத்தூர்ப் பக்கம் வேறொரு மில்லில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள் அவள். செவ்வாய்க்கிழமையே பெரியவரை வற்புறுத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேலும்தான் வருகிறது.

மற்ற பத்து டோக்கன்களையும் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். “என்னம்மா, எங்க மேல என்ன கோவம்?” என்று சிரித்தார்கள். பெரியவருடையது மட்டும் தங்கிவிட்டது.

ஊரை விட்டுக் கிளம்பும் அன்று அதை வாங்கிக்கொள்ள மகள் வந்தாள். டப்பாவின் அடியில் கிடந்ததில் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தொடைக்காதீங்கக்கா. அப்பா இதைக் கையால தொட்டிருப்பாருல்ல?”

தொட்டிருந்தார். மதுரையில் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தாரே, அந்த ஒரு தடவை.