டீக்கடைச் சுவரில் ஒட்டிய முகம்

மூலக்கொத்தளத்தில் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். சாவுதான் என் பிழைப்பு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தலைவலியெல்லாம் படம்தான். உயிரோடு இருக்கும்போது யாரும் நல்ல படம் எடுத்து வைப்பதில்லை. கல்யாணப் பந்தியில் பாதி மறைந்த முகத்தைக் கொண்டுவந்து, "இத்தப் பெருசாக்குக்கா" என்பார்கள்.

போன வருடம் படத்தைத் தெளிவாக்கும் ஏஐ ஒன்று வாங்கினேன். மங்கலான படத்தைப் போட்டால் அரை நிமிடத்தில் மூக்கும் முழியுமாகத் திருப்பித் தந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் காலை ஒரு பெண் வந்தாள். அவள் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். விடியற்காலையில் மாரடைப்பு. போனில் அவள் காட்டிய படத்தில் இடது கண் மூடியிருந்தது, கன்னம் முழுக்கத் தழும்பு. எப்போதோ இரும்புக் கொக்கி அடித்ததாம்.

"அவுரு போனு லாக்ல கீதுக்கா. கூட வேல செய்றவங்க நம்பர் எதுவும் தெரியாது. ஹார்பர் கேட்டாண்ட டீக்கட கீதுல்ல, அங்க ஒட்டச் சொல்லு. பாத்துட்டு வந்துருவாங்க. மூணு மணிக்கு எடுத்துருவோம்."

எங்கள் பக்கம் போஸ்டரில் பேருக்குக் கீழே பட்டப்பெயரையும் போடுவோம். ரேஷன் கார்டில் இருக்கும் பேர் யாருக்குத் தெரியும்? கேட்டேன். அவருக்குத் தழும்பை வைத்துத்தான் பட்டப்பெயர்.

"வாணாம்க்கா. செத்தப்புறமும் அப்டியா கூப்புடணும்?"

படத்தை உள்ளே போட்டேன். ஏஐ கண்ணைத் திறந்துவிட்டிருந்தது. தழும்பைத் துடைத்து எடுத்திருந்தது. இது வேறு யாரோ மாதிரி இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் அவள் திரையைத் தொட்டு அழுதுவிட்டாள். "எங்கப்பா எவ்ளோ அழகா கீறாரு. இத்தயே போடுக்கா." அதையே அச்சுக்கு அனுப்பினேன். பாராட்டு கிடைத்தால் எனக்கு எப்போதும் புத்தி மங்கிவிடும்.

பத்து மணிக்குள் டீக்கடைச் சுவரில் ஒட்டியாயிற்று.

மூன்றரை மணிக்குச் சாவு ஊர்வலம் என் கடையைத் தாண்டிப் போனது. பத்துப் பதினைந்து உறவுக்காரர்கள்தான். இத்தனை வருடம் ஒன்றாக மூட்டை தூக்கியவர்களில் ஒருத்தரையும் காணோம். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நன்றி கெட்டவர்கள் என்று மனதுக்குள் திட்டினேன்.

மூன்றாம் நாள் ஒருவர் கடைக்கு வந்தார். தோளில் துண்டு, கையெல்லாம் காய்ப்பு. வேலைக்கு வராதவரைத் தேடி வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்ததாம். "பதினாறாம் நாளுக்குத் தோஸ்துங்க சார்புல ஒரு போஸ்டர் வேணும்க்கா" என்று போனை நீட்டினார். மூடிய கண், தழும்பு, வாய் நிறையச் சிரிப்பு.

நான் அடித்த போஸ்டரில் ஒன்று என் கடைச் சுவரில் அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தது. அதைக் காட்டினேன்.

"யாருக்கா இது?"

"அவர்தான்."

கிட்டப் போய்ப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீக்கடைல இதுங்கீழதான்க்கா அன்னிக்கி நின்னு டீ குடிச்சோம். மாமு இன்னும் வர்லியேன்னு ரோட்டையே பாத்துகினு இருந்தோம்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தழும்பு இருக்கும் படத்தை அப்படியே, ஒன்றும் செய்யாமல், பெரிதாக்க உட்கார்ந்தேன்.