ட்ரம்ஸ்: பெயர் தெரியாது

டிஷ்வாஷர் மெஷின் கதவைத் திறந்த உடன முகத்தில அடிக்கிற ஆவி... சோப்பும் பொரிச்ச வெங்காயமும் கலந்த ஒரு மணம். அந்த ஆவிக்குள்ளால, சுவருக்கு அங்கால இருந்து பியானோச் சத்தம் வரும்.

மொன்றியலுக்கு வந்த புதுசில எனக்குக் கிடைச்ச முதல் வேலை அது. டவுன்டவுனுக்குக் கிட்ட ஒரு சின்ன ரெஸ்ரோரன்ட். ஞாயிறு பின்னேரங்களில வேர்னன் எண்ட கறுப்பினப் பெரியவர் ஒருத்தர் வந்து ப்ளூஸ் வாசிப்பார். அவற்ற தகப்பன் ரெயில்ல பெட்டி தூக்கின மனுசனாம். அவரோட ஒருத்தர் மவுத் ஓர்கன், ஒருத்தர் பேஸ், ஒருத்தர் ட்ரம்ஸ்.

எனக்கு அதெல்லாம் ஒரே பாட்டுத்தான். இந்த மனுசன் எப்ப பாட்டைத் தொடங்கப் போறார் எண்டு காத்துக்கொண்டு நிப்பன். சனம் கை தட்டும்... முடிஞ்சுதாம்! ஓ.எல். சோதினையில சங்கீதத்தையே கோட்டை விட்டவனிட்ட வேற என்னத்தை எதிர்பார்க்கிறியள்?

என்னோட கோப்பை கழுவினவர் பத்திநாதன் அண்ணை. மன்னார் ஆள். ஊரில வேதக்கோயில்ல பாடுற கொயருக்கும் கலியாண வீடுகளுக்கும் ட்ரம்ஸ் அடிச்சவர். இஞ்ச வந்து அவற்ற கைக்குக் கிடைச்சது ஸ்பொஞ்ச் மட்டும்தான்.

ஒரு ஞாயிறு சரியான ஸ்னோ. பஸ்ஸெல்லாம் நிண்டிட்டுது. ட்ரம்ஸ்காரர் வரேல்லை. வேர்னன் குசினிக் கதவைத் தள்ளி எட்டிப் பாத்து, "இதுக்குள்ள ஆருக்காவது ட்ரம்ஸ் வருமோ?" எண்டு இங்கிலிஷில கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டிருப்பார்.

அண்ணை ஏப்ரனில கையைத் துடைச்சார்.

"அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ. பொஸ் கண்டா ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவான்."

"நீ சும்மா இரடாப்பா. கை ரெண்டும் தண்ணியில ஊறிப்போய்க் கிடக்கு. கொஞ்சம் காயட்டும்."

போயிட்டார்.

வேர்னன் ஆமை வேகத்தில ஒரு பாட்டைத் தொடங்கினார். அண்ணைக்கு ப்ளூஸ் எங்க தெரியும்? தெரிஞ்சதை அடிச்சார்... எங்கட கலியாண வீட்டில சனத்தை எழுப்பி ஆட வைக்கிற பைலா!

பேஸ்காரர் திரும்பிப் பாத்தார். மவுத் ஓர்கன்காரர் ஓர்கனை வாயில இருந்து எடுத்திட்டார். வேர்னன் மட்டும் பெரிசாச் சிரிச்சார். சிரிச்சுக்கொண்டே பியானோவில இடக்கையை அண்ணையின்ர தாளத்துக்குப் பின்னால ஓட விட்டார். பேந்து மற்ற ரெண்டு பேரும் சேர்ந்திட்டினம். என்னெண்டு பொருந்தினதோ, மேசையில இருந்த சனம் தோளை ஆட்டத் தொடங்கிட்டுது.

கதவிடுக்கால பாத்துக்கொண்டு நிண்ட நான், கையில ட்ரே இருக்கிறதை மறந்துபோனன். அவ்வளவு பிளேட்டும் நிலத்தில.

பொஸ் ஏசினது எனக்கு மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு பழைய ட்ரம்ஸ்காரர் வந்திட்டார். அண்ணை திரும்பவும் கோப்பை கழுவ வந்திட்டார். பிறகு ரெண்டு பேரும் சென்ட் லோரன்ட் பக்கம் ஃபக்டரி வேலைக்கு மாறினம். பிள்ளையள், வாடகை, குளிர்... காலம் போனதே தெரியேல்லை.

அண்ணை தவறிட்டார். ஆண்டுப் பூசை முடிஞ்சு ஹோலில தேத்தண்ணி குடிக்கேக்க, அவற்ற மனுசி றீட்டா அக்கா சொன்னா: "படம் கனக்க இருக்குத் தம்பி. அவர் அடிச்ச சத்தம்தான் ஒண்டும் இல்லை. ஊரில பதிஞ்ச கசெற்றெல்லாம் இடம்பெயரேக்க போச்சு. இப்ப அது எப்பிடி இருந்ததெண்டே எனக்கு ஞாபகம் வருகுதில்லை."

வடையைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

போன மாசம் என்ர மகள் ஃபோனோட ஓடி வந்தாள். நான் இந்தப் பைலாக் கதையைச் சொல்லிச் சொல்லி அறுத்ததில, தேடிப் பாத்தாளாம். வேர்னன்ர பழைய ரெக்கோர்டிங்குகளை ஒரு லைப்ரரி நெற்றில போட்டிருக்கு! அந்த நாளில ஒரு ஸ்டூடன்ட் எங்கட ரெஸ்ரோரன்டுக்கு வந்து, பியானோவுக்குப் பக்கத்தில கசெற் ரெக்கோர்டரை வைச்சுப் பதிஞ்சதுகள். ஒவ்வொண்டுக்கும் கீழ, ஆர் ஆர் கூட வாசிச்சதெண்டு பேர் போட்டுக் கிடக்கு. ஒண்டில மட்டும், "ட்ரம்ஸ்: பெயர் தெரியாது".

போட்டுக் கேட்டம். ஒரே இரைச்சல். ட்ரம்ஸ் பக்கத்து வீட்டில அடிக்கிற மாதிரிக் கேக்குது. நடுவில பிளேட் உடையுது.

"அப்பா, நீங்களும் பாண்டில இருக்கிறியள்!" எண்டாள் மகள்.

ஆனா பிளேட்டை வைச்சு நாளைக் கண்டுபிடிக்கேலாது. நான் உடைக்காத ஞாயிறு குறைவு. பைலா மாதிரித்தான் கிடந்தது... எண்டாலும் என்ர காதை நம்பி, ஒரு மனுசிக்கு 'இது உங்கட புருசன்' எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிழைச்சா அந்த மனுசியின்ர நிலைமை என்ன?

றீட்டா அக்கா ரொக்ஸ்பரோவில தன்ர மகளின்ர வீட்டில இருக்கிறா. நானும் என்ர மகளும் போனம். "ஒரு பாட்டு அக்கா, கேட்டுப் பாருங்கோ" எண்டு மட்டும் சொல்லி, ஃபோனில போட்டு விட்டன்.

அக்கா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு இருந்தவ. பியானோவுக்குத் தலையை நிமித்தேல்லை. ட்ரம்ஸ் வர, கத்தி நிண்டுது.

பாட்டு முடியிற நேரம், "பாத்தியளே, ஓடுறார்" எண்டா.

"என்னக்கா?"

"கடைசிக்குக் கிட்ட வந்தா இந்த மனுசனுக்குப் பொறுமை இல்லை. கொயரில நாங்கள் மூச்சு வாங்க வாங்கப் பின்னால ஓடுவம். ஃபாதர் திரும்பி முறைப்பார்." ஃபோனைத் தன்ர பக்கம் இழுத்தா. "இஞ்சாருங்கோ, ஆறுதலா அடியுங்கோவன். ஆர் உங்களைத் துரத்துறது?"

என்ர மகள் ஜன்னல் பக்கம் திரும்பிட்டாள். நான் லீக்ஸைப் பாத்துக்கொண்டிருந்தன்.

"அண்டைக்கு வீட்டை வந்து, மேடையில அடிச்சனான் எண்டு சொன்னவர் தம்பி. கோப்பை கழுவப் போன ஆளை ஆர் மேடையில ஏத்துறது எண்டு நான் சிரிச்சனான்" எண்டா அக்கா.

மகள் லைப்ரரிக்கு எழுதிப் போட்டாள். அண்ணையின்ர பேர் இப்ப அதில இருக்கு.

அந்த நாளில நாங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு, வேற ஆரோ ஆடுறதைப் பாத்தம். இப்ப ரொக்ஸ்பரோவுக்குப் போனா, அக்கா கேத்திலை வைக்க முதல் அந்தப் பாட்டைத்தான் போடுறா. பேரப்பிள்ளையள் ஃப்ரெஞ்சில சண்டை பிடிச்சுக்கொண்டே ஹோலுக்குள்ள ஆடுதுகள். அதுகளின்ர கால், ட்ரம்ஸ் தாளத்துக்கு முன்னால முன்னால ஓடுது.

அக்கா ஒரு நாளும் மறிக்கிறதில்லை.